ஸ்டெல்லா அக்காவின் இரண்டாவது முட்டை

ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜான்சி கூப்பிட்டபோது என் கையில் ஒரு முட்டை இருந்தது. அரிசி டிரம்மைத் திறந்து, அது உடையாமல் இருக்கிறதா என்று அன்றைக்கு இரண்டாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிகூட ஆகவில்லை. போனை எடுத்ததும், "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. "நாளைக்குத்தான கொண்டாரச் சொன்னாங்க" என்றேன். "வாங்க சித்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜான்சி வைத்துவிட்டாள். முட்டையை அரிசிக்குள் திரும்பப் புதைத்துவிட்டு, டிரம்மின் மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

ஸ்டெல்லா அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்த நம் பயிற்சி மையத்தில் மூன்று மாதம் அரபி படித்துவிட்டு விமானம் ஏறியவர்கள் நீங்கள். குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டும், யாரோ ஒருவர் வீட்டில் சமைத்துக்கொண்டும் இதைப் படிப்பீர்கள். அக்கா இறந்த செய்தி நம் வாட்ஸப் குழுவில் வந்த அன்று நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகளை எல்லாம் கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் அழுதிருக்கிறீர்கள். கேட்கக் கேட்க, செத்தவர்மேல்கூட எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. நான் போனால் இதில் எத்தனை பேர் அழுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை மறைத்துவிட்டு நல்ல நாலு வார்த்தை எழுதினால் அது அஞ்சலி ஆகாது. பொய்க்கு மாலை போட்ட மாதிரி ஆகிவிடும்.

நான் மாலதி. "இலக்கண மேடம்" என்று நீங்கள் எனக்குப் பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். நான் படித்த கல்லூரியில் மாலை நேரத்தில் அரபிப் பட்டயப் படிப்பு ஒன்று நடந்தது. எங்கள் ஊருக்குப் பேருந்து ஆறரைக்குத்தான். அதுவரை வெயிலில் நிற்பானேன் என்று போய் உட்கார்ந்தேன். வகுப்பில் மொத்தம் நாலு பேர். அதில் முதல் மதிப்பெண் எனக்கு. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். கடல் தாண்டியதில்லை. ஓர் அரபிக்காரரை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் எழுதுவேன், படிப்பேன், எந்தச் சொல்லுக்கும் அடி எது நுனி எது என்று சொல்வேன். ஸ்டெல்லா அக்கா வரும் வரைக்கும் அரூரில் அரபி என்றால் நான்தான்.

அவர் குவைத்தில் ஒரே வீட்டில் பதினாறு வருடம் சமையலும் பிள்ளை வளர்ப்புமாக இருந்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மையத்தை நடத்தும் செல்வம், "பேச்சுக்கு இவங்க, எழுத்துக்கு நீங்க" என்று அறிமுகப்படுத்தினார். முதல் வாரமே என் மூக்கு உடைந்தது. குவைத்திலிருந்து ஆள் எடுக்கும் ஒருவர் வீடியோவில் வந்தார். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்தில் இருக்கும் சுத்தமான அரபியில் அவர் உடல்நலத்தை விசாரித்து, வேலையின் நிபந்தனைகள் என்னென்ன என்று கேட்டேன். அவர் என்னைக் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த ஆளையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா அக்கா போனை வாங்கி, "ஷ்லோனக்?" என்றார். எப்படி இருக்கே, அவ்வளவுதான். அப்புறம் இருபது நிமிடம் அந்த ஆள் பேசிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "என்னாக்கா சொன்னான்?" என்று வகுப்பில் கேட்டார்கள். அக்காவுக்குச் சொல்ல மனமில்லை. விடாமல் கேட்கவும், "டிவியில நியூஸ் வாசிக்கற அம்மாவான்னு கேட்டான்" என்றார். என்னைப் பார்த்து, "அழகா இருந்துச்சின்னும் சொன்னான் மாலதி" என்று சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியம் அவராகப் போட்டது என்று எனக்குத் தெரியும். அதுதான் கூடுதலாக எரிந்தது.

நீங்கள் எல்லோரும் அவரிடம் முதலில் கற்றுக்கொண்ட சொல் அமானா. வணக்கத்துக்கும் தண்ணீருக்கும் முன்னால் அதுதான். ஒருவர் நம்பிக் கொடுத்ததை, கொடுத்தபடி திருப்பிக் கொடுக்கும் வரை அது அமானா. நான் இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அக்கா சொல்ல மாட்டார். வெள்ளிக்கிழமை வகுப்பு முடியும்போது, புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு ஒரு பச்சை முட்டையை நீட்டி, "ஹாதி அமானா இந்தக்" என்பார். இது உன்னிடம் அமானா. பெண்ணாக இருந்தால் "இந்திச்" என்பார். எங்கள் புத்தகத்தில் அது "இந்தகி". நான் திருத்தினேன். "உன் பொஸ்தகம் வூட்டு வேலைக்குப் போவாது மாலதி. இவளுவதான போவாங்க" என்றார். முட்டைமேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுப்பார், மாற்று முட்டை கொண்டுவந்துவிடக் கூடாது என்று. திங்கள்கிழமை கொண்டுவர வேண்டும். வேகவைக்கக் கூடாது. கொண்டுவந்தால் கையில் வாங்கி, கோட்டைப் பார்த்து, "வஸ்லத்" என்பார். வந்து சேர்ந்தது என்று அர்த்தம். சபாஷ் கிடையாது, கைதட்டல் கிடையாது. அந்த ஒரு சொல்தான்.

சித்தேரியிலிருந்து வந்த சின்னப்பொண்ணை நினைவிருக்கும். மலைப்பேருந்தில், அத்தனை வளைவுக்கும் நின்றுகொண்டே போய் வந்தவள். கேழ்வரகு மாவு டப்பாவுக்குள் முட்டையைப் பொதிந்து திங்கள்கிழமை கொண்டுவந்தாள். ஒரு கீறல் இல்லை. அதே வாரம் முட்டை வாங்கிய லாரி டிரைவர் முருகேசன், மொரப்பூர் போவதற்குள் அதை உடைத்துவிட்டார். நம் ஆட்கள் செய்யக்கூடியதைத்தான் அவரும் செய்தார். கடையில் வேறு முட்டை வாங்கி, அதே மாதிரி ஒரு கோடு இழுத்துக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் கோடு இல்லியே முருகேசா."

"ஐயோ, நீங்க போட்டதுதாங்க மேடம்."

"நான் மேல இருந்து கீழ இழுப்பேன். இது கீழ இருந்து மேல போயிருக்குது. முடியற எடத்துல பென்சில் மெலிஞ்சிருக்குது பாரு."

வகுப்பே சிரித்தது. முருகேசன் காது சிவந்து, "ஒடஞ்சிபோச்சிங்க. சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சி" என்றார். அக்கா சிரிக்கவில்லை. மேசைக்கடியில் இருந்த தட்டிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்து, கோடு போட்டு, மறுபடியும் "ஹாதி அமானா இந்தக்" என்று அவர் கையில் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு கலைந்ததும், "பத்திரமா கொண்டாந்தவளுக்கு ஒண்ணுமில்ல, ஒடச்சிட்டுப் பொய் சொன்னவனுக்கு ரெண்டாவது முட்டையா? நல்லா இருக்குதுக்கா உங்க நியாயம்" என்றேன்.

"சின்னப்பொண்ணுக்கு அமானான்னா என்னான்னு பொறக்கும்போதே தெரியும். அவளுக்கு நான் என்னாத்த சொல்லித்தரது? ஒடச்சவனுக்குத்தான மாலதி பாடம்."

அக்காவின் பாடத்துக்குக் காரணம் இருந்தது. அங்கே போன முதல் வாரத்தில், வீட்டம்மா மோதிரத்தைக் கழற்றிக் கை கழுவும் இடத்தில் வைத்துவிட்டுப் போவாராம். "மறந்துபோயி வைக்கறதுன்னு நெனைக்காதீங்க" என்று அக்கா எச்சரிப்பார். அதைவிட, விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களிடம் மற்றவர்கள் பொட்டலம் கொடுத்து அனுப்புவதைப் பற்றி நிறையச் சொல்வார். பிள்ளைக்குச் சட்டை, அப்பனுக்குத் தைலம், கடிதம். பெட்டியில் எடை மீறிவிட்டால் தன் சாமானை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடுத்தவர் பொட்டலத்தை உள்ளே வைக்க வேண்டும். அக்கா ஒருமுறை ஜான்சிக்கு வாங்கிய பொம்மையை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு, சிலோன்காரப் பெண் ஒருத்தி கொடுத்த பொட்டலத்தைக் கொண்டுவந்தாராம். "ஜான்சி ஒரு மாசம் எங்கூட பேசல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பொருள் மட்டும் இல்லை. ஒருவர் மூலம் சலாம் சொல்லி அனுப்பினால் அதுவும் அமானா. "யோஸல்" என்று பதில் சொல்லிவிட்டால், போய்ச் சேரும் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அதேபோல ஒருவர் நம்மிடம் மட்டும் சொன்ன பேச்சும் அமானா. "கையில குடுத்தது ஒடஞ்சா சத்தம் கேக்கும். காதுல குடுத்தது ஒடஞ்சா சத்தமே கேக்காது" என்பார்.

நானும் அந்தச் சொல்லை நடத்தினேன். கரும்பலகையில் வேர் எழுதி, அதிலிருந்து கிளம்பும் சொற்களைக் கிளை கிளையாக வரைந்தேன். பாதுகாப்பு, நம்பிக்கை, நம்பத் தகுந்த ஆள். "கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வருவாரே அமீனா, அவர் பெயருக்கும் இதுதான் வேர். நம்பத் தகுந்தவர் என்று அர்த்தம்" என்றேன். பல நாள் யோசித்து வைத்திருந்த நகைச்சுவை அது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். "ஆமென்" என்று தேவாலயத்தில் சொல்வதும் இதற்குச் சொந்தக்காரச் சொல்தான் என்று அக்காவிடம் ஒருநாள் சொன்னேன். கண்ணை விரித்து, "அடி ஆத்தே! இத்தன வருசமா சர்ச்சுலயும் குவைத் ஊட்டுலயும் ஒரே ஆளத்தான் கூப்புட்டுகிட்டு இருந்தனா?" என்றார். அடுத்த நாள் வகுப்பில் அமீனாவையும் ஆமெனையும் சேர்த்து அவர் சொன்னார். ஜப்திக்கு வந்த அமீனா மாதிரி நடந்து காட்டினார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "இதெல்லாம் மாலதி மேடம் சொன்னதுங்க, எனக்கென்ன தெரியும்" என்று மூன்று தடவை சொன்னார். கைதட்டல் என்னவோ அவருக்குத்தான் விழுந்தது. என் பொருளுக்கு அவர் கடையில் கூட்டம்.

ஒருநாள் இருவரும் தர்மபுரிக்குப் போய்விட்டுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். கையில் இருந்த விண்ணப்பத்தில் அரபியில் ஒரு வரி இருந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்பதால், "என்னான்னு பாருங்கக்கா" என்று அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது மாலதி. ஒரு எழுத்து தெரியும். அலிஃப். கோடு மாதிரி இருக்குமே, அது. அங்க கொழந்தைக்கு ஸ்கூல்ல மொத நாளு சொல்லிக்குடுத்தாங்க. அது வந்து எனக்குச் சொல்லிக்குடுத்துச்சி. ரெண்டாவது நாள்ல இருந்து எனக்கு நேரமில்ல."

முட்டைமேல் அவர் போடும் கோடு எழுத்து என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அமானாவின் முதல் எழுத்து.

"தமிழும் எட்டாவது வரைக்கும்தான். செல்வம் ஃபாரத்துல பத்தாவதுன்னு அவரே எழுதிகிட்டாரு. நான் இல்லன்னு சொல்லல. யாருகிட்டயும் சொல்லாத. ஹாதி அமானா இந்திச்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் இந்த அம்மாளிடமா தோற்றுக்கொண்டிருந்தேன்? எழுத்துக் கூட்டத் தெரியாதவரிடமா? அரூர் வரும் வரை எனக்கு அத்தனை சந்தோஷம்.

அந்த வருடக் கடைசியில், விமானம் ஏறப்போகிறவர்களுக்கு வழியனுப்பு விருந்து வைத்தோம். பிரியாணி, வாழை இலை, மைக். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பதினோரு பேரும் ஸ்டெல்லா மேடம் என்றார்கள். அவருக்குச் சால்வை, அவருக்குக் கைக்கடிகாரம், அவர் காலில் விழுந்து எழுந்தவர்கள் இரண்டு பேர். கடைசியாக ஒருவர் நினைவு வந்தவர்போலத் திரும்பி வந்து, "மாலதி மேடத்துக்கும் நன்றிங்க" என்றார். அந்த "உம்" எனக்குள் முள்ளாக இறங்கியது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். செல்வம் கை கழுவிக்கொண்டிருந்தார். மையத்தின் அனுமதியைப் புதுப்பிக்க ஆசிரியர்களின் படிப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள் என்று இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தவர்.

"ஸ்டெல்லா மேடம் பத்தாவது சர்டிஃபிகேட் மட்டும்தான் வரணும்ங்க மேடம்" என்றார்.

"வராதுங்க. அவங்க எட்டாவதுதான். அரபியும் படிக்கத் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் தெரியுமா? பொய் சொல்லவில்லையே, பொய் சொல்லவில்லையே என்று. அக்கா சொன்னது சரிதான். சத்தமே கேட்கவில்லை.

செல்வம் கெட்டவர் இல்லை. வேறு வழியில்லை என்று அக்காவின் வகுப்பை என்னிடம் கொடுத்தார். அக்காவைக் கீழே வரவேற்பு மேசையில் உட்காரவைத்தார். அக்கா போய் உட்கார்ந்துகொண்டார். பேருந்தில் அந்த ரகசியத்தைக் கேட்ட ஆள் உலகத்தில் ஒருத்திதான். யார் சொல்லியிருப்பார் என்று அவர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் நான் மாடி ஏறும்போது, "டீ சாப்ட்டியா மாலதி?" என்பார், எப்போதும் போல. ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

வகுப்பு என் கைக்கு வந்தது. ஆள்தான் வரவில்லை. அதாவது, மாடிக்கு வரவில்லை. கையெழுத்துப் போடும் சாக்கில் கீழே மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, "மேடம், ரொட்டி தீஞ்சிபோச்சின்னு எப்படி சொல்றதுங்க? பாப்பாவுக்கு காய்ச்சல்னு எப்படிங்க?" என்று கேட்பார்கள். பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள்கூட அங்கே வந்து நின்றார்கள். சிரிப்பு மாடி வரைக்கும் கேட்கும். கரும்பலகையில் வேரும் கிளையும் வரைந்துகொண்டு, நாலு பேருக்கு முன்னால் நான் நின்றேன். கல்லூரி வகுப்பு மாதிரியே திரும்பவும் நாலு பேர். பொறாமைக்காரிக்குக் கிடைக்கிற பரிசு இப்படித்தான் இருக்கும் போல. கேட்டது கிடைக்கும், அதில் ருசி மட்டும் இருக்காது.

பிறகு அக்காவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சேலத்தில் காட்டினார்கள். கொஞ்ச நாள் வீட்டிலும் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலுமாக இருந்தார். நான் போகவில்லை. பழம் வாங்கி இரண்டு முறை பேருந்து நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினேன். அந்தப் பழத்தை என் வீட்டுக்காரர்தான் சாப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜான்சி கூப்பிட்டு, "அம்மா உங்களப் பாக்கணும்னு சொல்றாங்க சித்தி" என்றாள். தீர்த்தமலை போகும் சாலையில் அவர்கள் வீடு. கட்டிலில் அக்கா பாதியாகக் கிடந்தார். என்னைப் பார்த்ததும், "நியூஸ் அம்மா வந்துட்டாங்க" என்று சிரித்தார்.

வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். "அக்கா, அன்னிக்கு செல்வத்துகிட்ட நான்தான்..."

கையைத் தூக்கி நிறுத்தினார். "ஜான்சி, ஒரு முட்ட கொண்டா. பென்சிலும்."

ஜான்சி கொண்டுவந்தாள். அக்காவால் உட்கார முடியவில்லை. தலையணையை முட்டுக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தோம். முட்டையை மடியில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே கோடு இழுத்தார். அந்த நிலையிலும் கோடு நேராகத்தான் வந்தது.

"ஹாதி அமானா இந்திச். புதன்கெழம கொண்டா."

"அக்கா, நான் சொல்ல வந்தது..."

"மொத முட்டையப் பத்திப் பேசாத. அது ஒடஞ்சிபோச்சி."

உடைத்தவருக்குத்தான் இரண்டாவது முட்டை. முருகேசன் விஷயத்தில் நான் சண்டை போட்ட அதே நியாயம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முட்டையை முந்தானையில் பொதிந்துகொண்டு, அழுதால் அவருக்குச் சிரமம் என்று அடக்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

வீட்டில் அதை அரிசி டிரம்மில் வைத்தேன். திங்கள்கிழமை காலை என் வீட்டுக்காரர் அதை எடுத்து அடுப்படி மேசையில் வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்துவிட்டார். "ஒரு முட்டைக்காடி இந்தக் கத்து கத்துற?" என்றார் இவர். "அது என்னுது இல்லிங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அமானாவுக்கு நான் சொன்ன விளக்கங்களிலேயே பிழையில்லாதது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை அக்கா போய்விட்டார். அடக்கம் புதன்கிழமை என்றார்கள். அரூரிலிருந்து பேருந்தில் உட்கார இடமில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். "பைய மேல வையுங்கம்மா, பொறகால ஆளு ஏறணும்" என்றார் நடத்துனர். "வேணாங்க, உள்ள முட்ட இருக்குதுங்க" என்றேன். என் கையில் மாலையைப் பார்த்துவிட்டு ஓர் ஆள், "சாவுக்கா போறீங்க? முட்ட எதுக்குங்க?" என்றார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். மடியில் பையை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு போனேன். சின்னப்பொண்ணு மலைப்பேருந்தில் நின்றுகொண்டே இப்படித்தான் காத்துக்கொண்டு வந்திருப்பாள்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெட்டியைச் சுற்றிக் கூட்டம். எல்லோரும் அழுதார்கள். செல்வம் அழுதார். முருகேசன் லாரியை நிறுத்திவிட்டு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாலையைப் போட்டுவிட்டு நகர முடியாமல் நின்றேன். பையில் முட்டை. நாள் புதன்கிழமை. வாங்க வேண்டிய கையை மூடி, அதில் சிலுவை வைத்திருந்தார்கள். இந்தத் தடவையும் ஒழுங்காகக் கொடுக்க முடியாமல் போய்விட்டதே என்று இருந்தது. கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

ஜான்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் முன்னால் நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

"குடுங்க சித்தி."

பையைத் திறந்து துணியைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பி, கோட்டைப் பார்த்தாள். அம்மாவைப் போலவே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"வஸ்லத்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கெழமயே சொல்லிட்டாங்க சித்தி. ஒருவேள நான் இல்லன்னாலும் மாலதி கொண்டாருவா, வாங்கிகிட்டு இப்படி சொல்லுன்னு. பத்து தடவ சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. சரியாச் சொன்னனா?"

சரியாகத்தான் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். அங்கேயும் எனக்குப் பொறாமை வந்தது, அதோடு அழுகையும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து வராதது எல்லாம் சேர்த்து வந்தது. கொண்டாருவா என்று சொல்லியிருக்கிறார். கொண்டு வருவாளா என்று கேட்கவில்லை. ஜான்சி தோளில் சாய்ந்துகொண்டு, முட்டை நசுங்கிவிடக் கூடாது என்று அவள் கையையும் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மையத்தில் புதிதாக ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். அக்காவைப் பார்த்திராதவர்கள். போன வெள்ளிக்கிழமை நான் முதல் பாடம் நடத்தினேன். வேரும் கிளையும் வரையவில்லை. வத்தல்மலையிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு முட்டையைக் கொடுத்து, "ஹாதி அமானா இந்திச்" என்றேன். முப்பது வருடம் படித்த "இந்தகி"யை விட்டுவிட்டேன். திங்கள்கிழமை அவள் வந்து நின்ற நிலையிலேயே தெரிந்துவிட்டது. "ஒடஞ்சிபோச்சிங்க மேடம்" என்று முகம் சுருங்கிப் போய்ச் சொன்னாள். மேசைக்கடியில் இருந்து இரண்டாவதை எடுத்தேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என்ன என்று கேட்டால், பொறாமையும் ஒரு கோடும்தான். பொறாமை போகவில்லை. உங்கள் குரல் பதிவுகளைக் கேட்டால் இன்னும் எரிகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும், அவர் எவ்வளவு பெரியவர் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அளவுகோல் அதுதான். எனக்கு அமானா என்று முழுதாக எழுதத் தெரியும், சுழியும் புள்ளியும் பிசகாமல். முட்டைமேல் நான் அதை எழுதுவதில்லை. பென்சிலைத் தீட்டி, மேலிருந்து கீழாக, அவருக்குத் தெரிந்த அந்த ஓர் எழுத்தை மட்டும் இழுக்கிறேன். அவருக்கு வந்ததுபோல நேராக வரவில்லை.